நாற்பத்தொரு உடைமரங்கள்

வேலுத்தாய் வீட்டில் பெயர் எழுதாத டப்பா ஒன்றுகூடக் கிடையாது. உப்புக்கு உப்பு, சீனிக்குச் சீனி, மல்லிக்கு மல்லி என்று ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளைப் பெயின்டில் கொட்டை எழுத்தாக எழுதி வைத்திருப்பாள். மண்ணெண்ணெய் கேனில் எழுதியிருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மண்வெட்டிக் காம்பில் ‘மண்வெட்டி’ என்று எழுதியிருப்பதற்கு என்ன நியாயம் சொல்வது? இத்தனைக்கும் வீட்டில் இருப்பது இரண்டே பேர். மகள் வேல்விழி கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மிச்சம் இருக்கும் புருசன் செல்லச்சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆக, அந்த எழுத்தையெல்லாம் படிக்கக்கூடிய ஒரே ஆள் அதை எழுதியவள்தான். செல்லச்சாமி இன்றுவரை டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் டீக்குச் சீனி போடுகிறார்.

“எம் முதுகுலயும் புருசன்னு எளுதிப்புடு. நாளைக்கு ஆள் மாறிப்போச்சுன்னா என்ன செய்வ?” என்பார்.

“எளுதலாம். பெயின்ட்டு அம்புட்டு இல்ல,” என்பாள்.

அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அவருடைய பெயர். நூறு நாள் வேலைக்குப் போன காலத்தில், நம் வீட்டு ஆள் கைநாட்டு வைப்பதா என்று வேலுத்தாய்க்கு ரோசம் வந்து, மூன்று மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். செ எது, ல் எது என்று பிரித்துக் கேட்டால் இன்றைக்கும் முழிப்பார். ஆனால் மொத்தமாக அந்தச் சொல்லை ஒரு கோலத்தைப் போல அவருக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார்.

வேலுத்தாய்க்கு இந்தப் பெயர் எழுதும் பழக்கம் வேலை பார்க்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் அவளுக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். பட்டாசுக் கம்பெனியை அங்கே யாரும் கம்பெனி என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். அங்கே சாம்பல் நிறத்தில் இரண்டு மருந்துப் பொடிகள் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றை அள்ள வேண்டிய இடத்தில் மற்றதை அள்ளினால் அப்புறம் கதை சொல்ல ஆள் இருக்காது. அதனால் போர்மேன் முதல் நாளே சொல்லிவிடுவார்: பெயர் இல்லாத வாளியில் கை வைக்கக் கூடாது. எட்டாம் வகுப்போடு நின்றாலும் வேலுத்தாயின் கையெழுத்து அச்சுக் கோர்த்த மாதிரி இருக்கும். பாக்கிங்கில் இருந்தவளைக் கூப்பிட்டு, ஆபீஸில் உள்ள வாளி, டிரம், ரூம் கதவு எல்லாவற்றிலும் பெயர் எழுதும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவள் எழுதியதில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. இதைச் சொல்லும்போது அவள் கழுத்து ஒரு விரல்கடை உயரும். உயரட்டுமே, நியாயமான கர்வம்தான்.

அப்படிப்பட்டவள் எழுதிய எழுத்துத்தான் நொச்சிக் கண்மாயில் அந்தக் கூத்தைப் பண்ணியது.

நொச்சிக் கண்மாய் அவர்கள் ஊர்க் கண்மாய். பெயரில்தான் நொச்சி இருக்கிறது, கண்மாயில் ஒரு குச்சிகூட இல்லை. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள்தான் நின்றது. அடியில் ஒரு புல் முளைக்காது. அந்த மரத்தைத் திட்டாத ஆள் ஊரில் கிடையாது, அதை வெட்டி அடுப்பெரிக்காத வீடும் கிடையாது. இந்தச் சித்திரையில் கண்மாயைத் தூர்வார உத்தரவு வந்ததும் வேலுத்தாய்க்கும் சந்தோஷம்தான். ஆனால் உத்தரவில் ‘கண்மாயில் உள்ள முள்மரங்கள் அனைத்தும்’ என்று இருந்தது. செல்லச்சாமி அதைக் கேட்டதும் சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

“அப்ப உடை?” என்றார்.

வடகரையில் நாற்பத்தொரு உடைமரங்கள் நின்றன. குடையை விரித்து நட்டுவைத்தது மாதிரி, தலை தட்டையாக, வெள்ளை முள்ளோடு நிற்கும் நாட்டு மரம். அந்தப் பக்கத்துக் கரிசலுக்கும் செம்மண் செவலுக்கும் அது பூர்வீகக் குடி. செல்லச்சாமியின் இருபத்திரண்டு வெள்ளாட்டுக்கும் சித்திரை, வைகாசியில் அதன் சுருண்ட நெற்றுத்தான் சோறு. வேறு பச்சை எங்கேயும் இருக்காது. முழங்கால் தேய்ந்து பயர் ஆபீஸ் வேலையை விட்டபிறகு அவருக்கு அந்த ஆடுகள்தான் பிழைப்பு, அந்த மரங்கள்தான் நிழல்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வேலுத்தாய் சூலக்கரைக்குப் பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கும் நாள். தன் கைப்பட எழுதிய மனுவை நீட்டினாள். மறுநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்த நேரத்துக்கு இன்ஜினியர் ஸ்ரீராம்குமார் கண்மாய்க் கரைக்கு வந்து நின்றார். சின்ன வயது, நல்ல மாதிரி. வந்த வேகத்தில் செருப்பைத் தாண்டி ஒரு முள் ஏறிவிட்டது.

“ஏம்மா, இதுவும் முள்ளு, அதுவும் முள்ளு. ரெண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?” என்று காலைத் தூக்கிக்கொண்டே கேட்டார்.

“நீங்க நிக்கிற எடத்தைப் பாருங்க சார். கீள என்ன கெடக்கு?”

காய்ந்துபோன புல் கிடந்தது. நடுவே ஆட்டுப் புழுக்கை, எறும்புப் புற்று, ஒரு ஓணான்.

“இப்ப அங்கன சீமைக்கருவக்குள்ள போயி ஒரே ஒரு புல்லைக் காட்டுங்க. நான் மனுவைத் திருப்பி வாங்கிக்கிடுறேன்.”

அவர் சிரித்தார். வேலுத்தாய் விடவில்லை. மரத்து உச்சியைக் காட்டினாள். ரெட்டைவால் குருவி ஒன்று கூட்டில் உட்கார்ந்திருந்தது, கறுப்பாக, வால் மட்டும் வெளியே தெரிய.

“அந்தக் குருவி சும்மா இருக்காது சார். கரைக்கு வடக்க எங்களுக்கு ஒரு ஏக்கர் மானாவாரி. மக்காச்சோளம் போடுறோம். கார்த்திகையில படைப்புளு வரும்ல, இதுக இந்த மரத்துல உக்காந்துக்கிட்டு, பறந்து பறந்து பொறக்கித் திங்கும். கரையோரம் பத்து வரிசைக்கு நாங்க ஒரு தடவை மருந்தடிச்சாப் போதும். உள்ள தள்ளிப் போனா மூணு தடவை. மரத்தை எடுத்தீகன்னா குருவி எங்கன உக்காரும்? உக்கார எடமில்லாட்டி எதுக்கு வரும்?”

ஸ்ரீராம்குமார் கொஞ்ச நேரம் குருவியையே பார்த்தார். பிறகு சரி என்றார். “உடைமரத்தை விட்டுடச் சொல்றேன். ஆனா மிஷின் ஓட்டுறவர் வெளியூரு. எது உடை, எது சீமைன்னு அவருக்குத் தெரியாது. நீங்களே மரத்துல அடையாளம் போட்டு வைங்க. வியாழக்கிழமை ஜேசிபி வருது. மரத்தைப் பார்த்துப் பண்ணுங்கன்னு நானும் காண்ட்ராக்டர்கிட்டச் சொல்லிடறேன்.”

அடையாளம் போடுவதற்கு வேலுத்தாயைவிட வேறு ஆள் வேண்டுமா? புதன்கிழமையும் லீவு. வெள்ளைப் பெயின்ட், இரண்டு பிரஷ். முன்னால் அவள், பின்னால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு செல்லச்சாமி.

“ஒரு வட்டம் போட்டாப் போதாதா?” என்று பத்தாவது மரத்தில் அவர் கேட்டார். முழங்கால் வலித்திருக்கும்.

“வட்டம்னா என்னன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? வெட்டவா, விடவா? எங்க ஆபீஸ்ல வட்டம், பெருக்கல் எல்லாம் போட்டா போர்மேன் வெளியே அனுப்பிருவாரு. எது எதுவோ அதோட பேரை எளுதணும். அதுல கொளப்பமே வராது.”

எழுதினாள். நாற்பத்தொரு மரத்திலும், நெஞ்சு உயரத்தில், ஒரு சாண் எழுத்தில், ‘உடை’ என்று எழுதினாள். பட்டை சொரசொரப்பாக இருந்த இடத்தில் இரண்டு கோட் அடித்தாள். சாயங்காலம் கரையில் போன ஆட்களெல்லாம் நின்று பார்த்துவிட்டு, எழுத்து ஜோராக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாது. அந்த ஊர்க்காரன் உடைமரத்துக்கு முன்னால் நின்று ‘உடை’ என்று படித்தால், அவனுக்கு மரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனாள். தீபாவளி ஆர்டருக்கு இப்போதே லோடு ஏற ஆரம்பித்திருந்தது, மூன்றாவது நாள் லீவு கேட்க முடியாது. செல்லச்சாமி மிஷின் சத்தத்துக்கு ஆடு மிரளும் என்று கிழக்கே ஓடைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வேலுத்தாய் நாள் முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி மடித்த பாண்டிமீனாவிடம் குருவிக் கதையை இரண்டு தடவை சொன்னாள்.

பயர் ஆபீஸுக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனைக் கையில் வாங்கியபோது பதினேழு மிஸ்டு கால் இருந்தது. எல்லாம் செல்லச்சாமி. ஒன்றாம் நம்பரை அமுக்கினால் அம்மாவுக்குப் போகும் என்று மகள் செய்து கொடுத்திருந்தாள். மனிதர் அந்த ஒன்றை அமுக்கி அமுக்கித் தேய்த்திருக்கிறார். திருப்பி அடித்தாள்.

“நீ வா,” என்றார்.

ஆபீஸ் வேனிலிருந்து கண்மாய்க்குப் பிரியும் விலக்கில் இறங்கியபோதே அவளுக்கு வானம் தெரிந்தது. வடகரைக்கு மேலே அத்தனை வானத்தை அவள் பார்த்ததே இல்லை.

உள்வாயில் சீமைக்கருவேலம் ஒன்றுகூடக் குறையாமல் பச்சைப் பசேலென்று நின்றது. கரையில் உடைமரங்கள் ஒவ்வொன்றாக முறிந்து, வேர் மேலே பார்க்கக் கிடந்தன. ஒரு மரத்தையும் தப்பவிடாமல், கிழக்கிலிருந்து வரிசையாக. இருபத்தேழு. கடைசியில் மஞ்சள் நிறத்தில் ஜேசிபி நின்றது. அதற்கும் இருபத்தெட்டாவது மரத்துக்கும் நடுவில் செல்லச்சாமி, இன்னமும் துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு ஆடுகளைத் திருப்பிக்கொண்டு வந்தவர், பார்த்ததும் மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர்தான்.

மிஷின் ஓட்டுகிறவன் பெயர் முனியராஜ். ஓசூர்ப் பக்கத்துக்காரன். இறங்கி ஓரமாக நின்றிருந்தான், முகம் செத்துப்போய்.

“நீங்கதான் எழுதினதாக்கா?” என்றான். “காண்ட்ராக்டர் போன்ல சொன்னாருங்க, மரத்துல எழுதி இருக்கும், அதப் பார்த்து வேலை செய்யின்னு. வேற ஒண்ணும் சொல்லலீங்க. வந்து பார்த்தேன். உடைன்னு எழுதி இருந்துச்சு. உடைச்சேன். எங்க ஊர்ல இந்த மரமே இல்லீங்கக்கா. இதுக்குப் பேரு அதுன்னு எனக்குத் தெரியாது.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, “எழுத்து ரொம்பத் தெளிவா இருந்துச்சுக்கா,” என்றான்.

வேலுத்தாய் விழுந்து கிடந்த மரத்தில் தன் எழுத்தைப் பார்த்தாள். உடை. ஒரு சாண் உயரத்தில், இரண்டு கோட் அடித்து, அத்தனை அழகாக, அத்தனை அதிகாரமாக. இத்தனை நாளும் அவள் அதை ஒரு பெயராகத்தான் பார்த்திருந்தாள். இப்போது வேறு விதமாகப் பார்க்கவே முடியவில்லை. மூன்றாவது மரத்தின் கிளையடியில் ரெட்டைவால் குருவியின் கூடு கவிழ்ந்து கிடந்தது. முட்டை மண்ணோடு மண்ணாக ஒட்டியிருந்தது. இரண்டு குருவிகளும் ஜேசிபியின் தூக்கிய கையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தன. அவள் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

செல்லச்சாமி அவளை எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வந்தார். வழியில் யாரோ, “என்ன வேலுத்தாயி, நீயே எளுதிக் குடுத்துட்டயாமுல்ல?” என்று சிரித்தார்கள். செல்லச்சாமி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். டப்பாவைத் திறந்து, தொட்டு நக்கிப் பார்த்து, டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை.

“அவன் ஒடைக்கலங்க. நான்தான் ஒடைச்சேன்,” என்றாள். “பத்தொம்பது வருசம் வாளியில எளுதியிருக்கேன். ஒரு தப்பு வந்ததில்ல.”

“நீங்க வட்டம் போடச் சொன்னீக,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

செல்லச்சாமி டீக் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. ஆட்டைத் தட்டிக்கொடுக்கத் தெரியும், அவ்வளவுதான்.

“ஒண்ணு சொல்லுறேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒங்கிட்டயும் சொன்னதில்ல,” என்றார். “எங்க ஐயா காலத்துல நம்ம கண்மாய்க்குள்ள சீமைக்கருவ ஒண்ணுகூடக் கெடையாது. ரோட்டோரத்துலதான் நின்னுச்சு. நாங்க சின்ன வயசுல ஆட்டை ரோட்டோரம் மேய்ப்போம். அந்த மஞ்சக் காய் இனிப்பா இருக்கும், ஆடு அடிச்சுப் பிடிச்சுத் திங்கும். சாயங்காலம் கண்மாய்க்குள்ள தண்ணிக்கு ஓட்டிட்டு வருவோம். அது அங்கன படுத்து அசை போட்டுக் கொட்டையைத் துப்பும், புளுக்கையைப் போடும். மறு வருசம் பாத்தா அம்புட்டும் மொளைச்சு நின்னுச்சு. வவுத்துக்குள்ள போயிட்டு வந்த வெதைதான் வெரசா மொளைக்கும்.”

வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஊரே அந்த மரத்தைத் திட்டும்போது நான் வாயைத் தொறக்க மாட்டேன், பாத்திருக்கியா? நட்டதே நான்தான. நீ ஒரு நாள்ல இருவத்தேழு ஒடைச்சிருக்க. நான் முப்பது வருசமா ஒரு கண்மாயையே நெரப்பியிருக்கேன். இதுல யாரு பெரிய ஆளு, சொல்லு.”

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதரோடு இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள், மனதுக்குள் ஒரு கண்மாய் நிறைய முள்ளை வைத்துக்கொண்டு வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார். அவர்மீது பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. டீயை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. சீனி சரியாகத்தான் இருந்தது.

கிளாஸைக் கீழே வைக்கப் போனவள் திடீரென்று கையை நிறுத்தினாள். “ஏங்க, ஆட்டுக்கு உடங்காயும் அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“அந்த விளுந்த மரத்துல நெத்து இருக்குல்ல?”

“காய்ச்சுத் தொங்குது,” என்றார் செல்லச்சாமி. சொன்னபிறகுதான் அவருக்கும் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக மிச்சம் இருந்த பதினான்கு மரங்களுக்கும் போனாள். பிரஷ்ஷை எடுக்கக் கை வரவில்லை. முனியராஜ் வந்து டப்பாவைத் தான் வாங்கிக்கொண்டு, பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தான். அழித்து எழுத நேரமில்லை, பட்டையில் பெயின்ட் அழியவும் அழியாது. உடை என்ற எழுத்துக்குக் கீழே ஒவ்வொரு மரத்திலும் ‘க்காதே’ என்று சேர்த்தாள். அவன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தான். “உடைக்காதே. சரிக்கா. அடுத்தது வாங்க.” பதினான்காவது மரம் முடிந்ததும்தான் போய் மிஷினைக் கிளப்பினான். அன்றைக்கு உள்வாயில் சீமைக்கருவேலம் சரிய ஆரம்பித்தது.

செல்லச்சாமி விழுந்த மரங்களிலிருந்து நெற்றைச் சாக்குச் சாக்காகப் பறித்தார். முள் கிழித்த கையோடு பன்னிரண்டு சாக்கு. இருபத்திரண்டு ஆடு போதாது என்று மாரிக்கண்ணனிடம் கேட்டார். மாரிக்கண்ணன் அவருடைய சித்தப்பா மகன், அவனிடம் நாற்பது உருப்படி இருந்தன. காட்டுக்கு எரு வேண்டுமென்றால் ஆட்டுக்கிடை போடுவார்கள், அந்த ஊர்களில் அது வழக்கம்தான். ஆட்களை விட்டு ஆடுகளை ஒரு நிலத்தில் அடைத்துப் படுக்கவைப்பார்கள். ஆனால் மொட்டைக் கண்மாய்க் கரைக்குக் கிடை போட்டதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கரைக்கு எதுக்குடா எரு என்று ஊர் சிரித்தது. செல்லச்சாமி ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. வேறு காய் வாயில் பட்டுவிடக் கூடாது என்று அந்த இருபது நாளும் ஆடுகளை வெளியே மேயவிடாமல், உடை நெற்றும் தண்ணீரும் சோளத்தட்டையும்தான் கொடுத்தார். ஆடுகள் தின்றன, கரையில் படுத்தன, அசை போட்டன, கொட்டையைத் துப்பின. அவற்றுக்கு இதெல்லாம் என்ன தெரியும். அவை பாட்டுக்கு வேலையை முடித்தன.

அதன்பிறகு அந்த ஆடுகளையே உள்ளே விடக் கூடாது. விதைத்த வாயே முளையையும் கடித்துவிடும். வேலி போட முள் வேண்டும். முள்ளுக்கா பஞ்சம்? வெட்டிக் குவித்திருந்த சீமைக்கருவேலங் கிளைகளை முனியராஜே மிஷினில் அள்ளிவந்து கரை நெடுக அடுக்கிக் கொடுத்தான். வேலை முடிந்து ஊருக்குப் போகும் அன்று, ஒரு வெள்ளை முள்ளை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். பையனிடம் காட்டுவதற்காம்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஐப்பசியில் நல்ல மழை, கண்மாயில் பல வருடத்துக்குப் பிறகு தண்ணீர் கிடந்தது. ஆனால் கார்த்திகையில் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது, மரம் போன பக்கத்துக் குருவிகள் வரவில்லை. கரையோரத்துப் பத்து வரிசைக்கும் இந்தத் தடவை மூன்று முறை மருந்தடிக்க வேண்டியிருந்தது. பதினான்கு மரம் நின்ற மேற்குக் கோடியில் மட்டும் ஒரு முறை. டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு செல்லச்சாமி மூன்றாவது தடவை இறங்கியபோது வேலுத்தாய் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏறி வந்ததும் டேங்கை அவளே இறக்கி வைத்தாள்.

தீபாவளி முடிந்தால் பயர் ஆபீஸ்கள் கொஞ்ச நாள் மூடிக்கிடக்கும். அந்த நாட்களை அவள் வேலிக்குள்தான் கழித்தாள். முளைத்திருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு கும்பல் கும்பலாக. ஆடு எத்தனை சுத்தமாகத் தின்றாலும் மண்ணுக்குள் கிடந்த பழைய சீமை விதைகளும் கூடவே முளைத்திருந்தன. சிறு இலையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அந்தச் சாம்பல் நிறப் பொடிகள் மாதிரி. முள் வெளுத்து வரும்வரை காத்திருந்து, தடவித் தடவிப் பார்த்து, சீமையை மட்டும் பிடுங்கினாள். பழைய வேலுத்தாயாக இருந்தால் ஒவ்வொரு கன்றுக்கும் குச்சி நட்டு அட்டை கட்டியிருப்பாள். இப்போது விரலாலேயே அடையாளம் பழகிக்கொண்டாள். மார்கழியில் ஒரு சாண் உயரத்தில் நூற்று முப்பது கன்றுகள் இருந்தன. மாடு மிதித்ததும் வெயிலில் காய்ந்ததும் போக எத்தனை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

பொங்கலுக்கு முந்தின வாரம் இன்ஜினியர் ஸ்ரீராம்குமார் வந்து சுற்றிப் பார்த்தார். “அடுத்த வருஷம் கரையைச் சரி பண்ண மறுபடியும் மிஷின் வரும்மா. தெரியாம வழிச்சிடப் போறாங்க. ஒரு போர்டு வெச்சிடுங்க. என்ன கன்னுன்னு பேரெழுதி.”

“அந்தப் பேரை மட்டும் நான் எளுத மாட்டேன் சார்,” என்றாள் வேலுத்தாய்.

ஆனால் போர்டு வைத்தாள். ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு தகரப் பலகை. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய நாள் போலவே பொறுமையாக, இரண்டு கோட் அடித்து எழுதினாள். எழுதி முடித்தபிறகு அதை நாலு தடவை நாலு விதமாகப் படித்துப் பார்த்தாள். வேறு அர்த்தம் எதுவும் வரவில்லை என்று தெரிந்தபிறகுதான் எடுத்துக்கொண்டுபோய் வேலியில் கட்டினாள்.

சாயங்காலம் செல்லச்சாமி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைமேல் வந்தார். பலகையைத் தாண்டிப் போனவர் நின்றார். திரும்பி வந்தார். துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏ வேலுத்தாயி, இதுல எம்பேரு கெடக்கே.”

“கெடக்கட்டும்.”

“எதுக்கு?”

“எது யாரு செஞ்சதுன்னு எளுதி வைக்கணும்ல. செல்லச்சாமி ஆடுகள் நட்ட கன்றுகள். மிதிக்காதீர்கள். அம்புட்டுத்தான்.”

முப்பது வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றின்மேல் யாரோ கையை வைத்து எடுத்தது போல இருந்தது அவர் முகம். ஈரம் காயாத பெயின்டில் படாமல், தன் பெயரின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனார்.

“இதுதான் ஆடா?”

“அதுதான் ஆடு.”

“அப்ப உடைன்னு எங்கன எளுதியிருக்க?”

“எளுதல.” வேலிக்கு மேலே கையை நீட்டினாள். “அந்தா நிக்குதுல்ல.”

செல்லச்சாமி எட்டிப் பார்த்தார். சாண் உயரக் கன்றுகள், ஒவ்வொன்றிலும் வெளுத்த முள், ஈரமண்ணில் பொழுது சாயும் வெயில். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொம்பு மழுங்கிய கிடா ஒன்று முள்வேலிக்குள் கழுத்தை நுழைத்து ஓரத்துக் கன்றை நோக்கி நாக்கை நீட்டியது. “ஏலே, ஏலே, எடுலே வாயை!” என்று கத்திக்கொண்டே, முழங்கால் வலியை மறந்து, அவர் கம்போடு ஓடினார்.